வாரேன் என்றொரு கட்டம்

ஜூலை 19, ஞாயிறு

இந்த நோட்டை பெனிட்டா தந்தாள். "இசக்கி என்ன சொன்னா, யார்கிட்ட சொன்னா, அப்ப நீங்க என்ன செஞ்சிய. அவ்வளவு மட்டும் எழுதுங்கக்கா" என்றாள். 'அவ்வளவு மட்டும்' என்பதை இரண்டு தரம் சொன்னாள். என்னைப் பற்றி யாரோ அவளிடம் பேசியிருக்கிறார்கள்.

முறையாக ஆரம்பிக்கிறேன். நான் உலகம்மாள். வயது ஐம்பத்தொன்று. ரேஷன் கார்டில் நாற்பத்தெட்டு. அரசாங்கம் எழுதியதைத் திருத்த நான் யார். தென்காசியில் நாலு மாடி ஜவுளிக்கடை ஒன்றில் மைக்கில் பேசுவது என் வேலை. "வாடிக்கையாளர்களின் கனிவான கவனத்திற்கு" என்று மாடிப்படியெல்லாம் இறங்கி வருகிற குரல் என்னுடையது. ஆடித் தள்ளுபடி மாதத்தில் ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் பேசிவிட்டு, மிச்சம் இருப்பதை அடுத்த வீட்டுப் பேச்சியம்மாளிடம் வந்து பேசுவேன். என் வீட்டுக்காரரிடம் பேசலாம்தான். அவர் எல்லாவற்றுக்கும் "ம்" என்பார். அந்த மனுஷனுக்கு ஒரு கட்டம் போதும்.

கட்டம் என்றால் என்னவென்று சொல்லவில்லையே. பேச்சியின் மூத்த மகள் இசக்கிக்கு இருபத்து நாலு வயது. பிறக்கும்போது மூச்சுத் திணறியதில் கை கால் சொன்னபடி கேட்காது, சக்கர நாற்காலிதான். வாயில் சத்தம் வரும், சொல் வராது. ஆனால் நான் அளக்கிற கதைகளில் எது பொய் என்று கண்டுபிடித்து முதலில் சிரிக்கிறவள் அவள்தான். பேச்சு வராத பெரிய பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் உதவுகிற நிலையம் ஒன்றிலிருந்து பெனிட்டா செவ்வாய்தோறும் வருகிறாள். போன வாரம் ஒரு டேப்லெட் கொண்டு வந்தாள். கட்டம் கட்டமாகப் படம். இசக்கி விரல் முட்டியால் தொட்டால் அது அவளுக்காகப் பேசும்.

பேசியது. "எனக்குத் தண்ணீர் வேண்டும்" என்று ஒரு பெண் செய்தி வாசித்தாள். இசக்கி முகத்தைச் சுளித்தாள். தங்கச்சி கோமதி, "ஏக்கா, இனி நீ தண்ணி கேட்டா நாங்க எந்திச்சு நிக்கணும் போலயே" என்றாள். இந்தத் தெருவில் பேசுகிற மாதிரி பேச ஒரு குரல் வேண்டும் என்று பெனிட்டா சொன்னாள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் வெட்கப்படுவது போல ஒரு நிமிஷம் நடித்தேன்.

ஜூலை 21, செவ்வாய்

வார விடுமுறை. காலை பத்து மணிக்கு உட்கார்ந்து மதியம் வரை அறுபத்து நாலு கட்டத்துக்கும் குரல் கொடுத்தேன். முதலில் "பசிக்கு" என்றேன். கேட்டால், பசி இரண்டாம் தளத்தில் ஐம்பது சதவீதத் தள்ளுபடியில் கிடைப்பது போல இருந்தது. "அக்கா, நீங்க எதையும் விக்க வேண்டாம். சும்மா கேளுங்க" என்றாள் பெனிட்டா. முப்பது வருஷப் பழக்கம், லேசில் போகுமா. ஒவ்வொரு சொல்லின் வாலிலும் ஒரு இழுவை நின்றுவிட்டது. போகட்டும் என்று விட்டுவிட்டாள்.

பெனிட்டா காபி குடிக்க எழுந்த நேரத்தில், படம் இல்லாத கட்டம் ஒன்றில் "ஏட்டி, ஒன் சோலியப் பாரு" என்று நானாகவே பதிந்து வைத்தேன். மனுஷி என்றால் திட்டவும் வேண்டாமா. இசக்கி சிரித்த சிரிப்பில் நாற்காலி ஆடியது. முதல் திட்டு யாருக்கு விழுந்தது என்று இங்கே எழுதப் போவதில்லை. அதை அவள் என் குரலிலேயே சொன்னாள்.

பெனிட்டா எங்களுக்கு ஒரு பாடம் வைத்தாள். இசக்கியிடம் ஏதாவது கேட்டால், கேட்டுவிட்டு மனசுக்குள் பத்து எண்ண வேண்டும். அவள் கை கட்டத்தைத் தேடிப் போய்ச் சேர அவ்வளவு நேரம் ஆகும். அதுவரை நாம் வாயைத் திறக்கக் கூடாது, அவளுக்காகப் பதில் சொல்லக் கூடாது. பேச்சி ஆறு வரை தாக்குப்பிடித்தாள். கோமதி எட்டு. நான் மூன்று.

ஜூலை 28, செவ்வாய்

ஒரு சிக்கல். இசக்கி ஒரு கட்டத்தைத் தப்பாக அமுக்குகிறாள்.

நம் வீடுகளில் யாரும் "போறேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்ப மாட்டார்கள். "வாரேன்" என்றுதான் சொல்ல வேண்டும். இருக்கிறவர்கள் "போயிட்டு வா" என்பார்கள். குழந்தைக்குக்கூடத் தெரியும். இசக்கியோ யார் வாசலுக்குப் போனாலும் "வாரேன்" கட்டத்தை அமுக்குகிறாள். நேற்று கோமதி வேலைக்குக் கிளம்பினாள். "வாரேன்க்கா" என்றாள். டேப்லெட்டும் "வாரேன்" என்றது. பால்காரரிடம் "வாரேன்". கல்யாணப் பத்திரிகையின் மாதிரியைக் காட்ட வந்த அச்சகக்காரரிடம் மூன்று தரம் "வாரேன்". அந்த ஆள் பயந்துபோய், "எங்க வாராவ?" என்று கேட்டார்.

"ஏளா, போறவதான் வாரேங்கணும். நீ வீட்டுல இருக்கவ. நீ போயிட்டு வான்னு சொல்லணும்" என்று விளக்கினேன். பெனிட்டா பக்கத்துக் கட்டத்தில் "போயிட்டு வா" வைத்தாள். நான் நல்ல குரலில் பதிந்து கொடுத்தேன். இசக்கி அதைத் தொடவே இல்லை. என்னையே பார்த்துவிட்டு "வாரேன்" என்றாள். பெனிட்டா தன் நோட்டில் 'இரண்டும் குழம்புகிறது' என்று எழுதிக்கொண்டாள். நானும் இதில் எழுதிவிட்டேன்.

ஆகஸ்ட் 2, ஞாயிறு

பத்திரிகை என்று எழுதினேனே, அதைச் சொல்லிவிடுகிறேன். கோமதிக்கு ஆவணியில் கல்யாணம், செப்டம்பர் ஆறு. மாப்பிள்ளை சுரண்டை; மின்வாரியத்தில் வேலை. இடம் கொண்டு வந்தது நான். மாப்பிள்ளையின் அம்மா வெள்ளையம்மாள் எங்கள் கடைக்குப் புடவை எடுக்க வந்தபோது பிடித்துப்போட்டேன். அவர்கள் பெண் பார்க்க வந்த அன்று இசக்கி என் வீட்டில் டிவி பார்த்துக்கொண்டிருந்தாள்.

இதற்கு முன்னால் இரண்டு இடம் வந்து போயிற்று. இரண்டு பேரும் இசக்கியைப் பார்த்தார்கள், காபியைக் குடித்தார்கள், "ரத்தத்துல வருமோ" என்று தெருமுனையில் நின்று பேசிவிட்டுப் போனார்கள். அதனால் பேச்சி இந்தத் தடவை பயந்துவிட்டாள். கல்யாணத்தன்று இசக்கியோடு வீட்டில் யார் இருப்பது என்று பேச்சு வந்தபோது, "நான் இருக்கேன்" என்று சொல்லிவிட்டேன். மண்டபத்துச் சாப்பாட்டைத் தியாகம் செய்கிற ஆள் இந்த ஊரில் நான் ஒருத்திதான்.

சுரண்டைக்காரர்கள் என்னிடம் கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொன்னேன். கேட்காததை நானாக எடுத்துச் சொல்ல வேண்டும் என்று சட்டம் ஒன்றும் இல்லை.

பெனிட்டாவுக்கு இந்தப் பக்கம் தேவையில்லை. கிழித்துவிட வேண்டும்.

ஆகஸ்ட் 4, செவ்வாய்

எட்டு வரை எண்ணினேன்.

ஆகஸ்ட் 11, செவ்வாய்

இசக்கி இன்று மூன்று கட்டத்தைச் சேர்த்து அமுக்கினாள். "தங்கச்சி." "நான்." "என்ன?"

"தங்கச்சி வேலைக்குப் போயிருக்கா" என்றாள் பேச்சி. இல்லை என்று தலை ஆடியது. "தங்கச்சிக்கு என்ன வேணும்னு கேக்கியா?" அதுவும் இல்லை. மறுபடியும்: "தங்கச்சி. நான். என்ன?" பெனிட்டா வாயை மூடிக்கொண்டு காத்திருந்தாள். நானும் வேறு வழியில்லாமல் காத்திருந்தேன். சட்டென்று எனக்குப் புரிந்துவிட்டது. கோமதி இவளுக்குத் தங்கச்சி. அப்படியானால் கோமதிக்கு இவள் என்ன?

அறுபத்து நாலு கட்டம் பதிந்தோம். அம்மா, தங்கச்சி, அத்தை (அது நான்), டீச்சர், பால்காரர்கூட உண்டு. 'அக்கா' இல்லை. வீட்டில் மூத்தவளுக்கு அக்கா என்று கூப்பிட யாருமில்லை என்பதால் விட்டுவிட்டோம். அவளே அக்கா என்பது எங்கள் நாலு பேருக்கும் தோன்றவில்லை.

"அக்கான்னு பதிஞ்சிருவோம், இங்க வாங்க" என்றாள் பெனிட்டா.

எனக்குத் தொண்டை சரியில்லை என்று சொல்லிவிட்டேன்.

ஆகஸ்ட் 14, வெள்ளி

தொண்டை இன்னும் சரியாகவில்லை. கடையில் காலை ஒன்பது முதல் இரவு ஒன்பது வரை மைக். ஆடிக் கடைசி வெள்ளி.

ஆகஸ்ட் 18, செவ்வாய்

பெனிட்டா வந்ததும் நேரே என்னிடம், "தொண்டை எப்படி இருக்குக்கா? நேத்து கடைக்கு வந்தேன். நாலாவது மாடி வரைக்கும் கேட்டுச்சு" என்றாள். அந்தப் பெண் நல்ல பெண்தான். ஆனால் சிரிக்காமல் குத்துவாள்.

உள்ளதை எழுதுகிறேன். பெண் பார்க்க வந்த அன்று வெள்ளையம்மாள் கேட்காமல் இல்லை. "பொண்ணுக்குக் கூடப்பொறந்தவுக எத்தன பேரு?" என்று கேட்டார். நான் மைக்கில் பேசுகிற தெளிவோடு, "ஒத்தப் பிள்ளை, வேற யாரும் கெடையாது" என்றேன். சொல்லி முடித்து ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, வீட்டுக்கு வந்தால் டிவி முன்னால் இருந்து இசக்கி என்னைப் பார்த்துச் சிரித்தாள். எனக்குத் தெரிந்த ரகசியங்களில் நான் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தது இது ஒன்றுதான். வயிறு உப்பிப் போயிற்று.

அதே வாயால் அந்த ஒரு சொல்லை எப்படிச் சொல்வது என்று இருந்தது.

சொன்னேன். "அக்கா." நாலு தரம் எடுத்தோம். நாலாவதில்தான் இழுவை இல்லாமல் வந்தது. கூடவே கோமதியின் பேருக்கும் ஒரு கட்டம் பதிந்தோம். இசக்கி அதை அன்று மட்டும் எத்தனை தரம் அமுக்கினாள் என்று எண்ணவில்லை. கோமதி வேலை முடிந்து செருப்பைக் கழற்றும்போதே "நான். அக்கா" என்று கேட்டது. கோமதி ஒரு செருப்போடு அப்படியே நின்றாள். பிறகு, "சரி, அக்கா. மூத்தவ நீதான், ஒத்துக்கிடுதேன். அதுக்காக என் ஹெட்போன எடுத்து ஒளிச்சு வைக்காத" என்றாள். குரல் கொஞ்சம் கரகரத்தது. அவளுக்கும் தொண்டை சரியில்லை போல.

ஆகஸ்ட் 25, செவ்வாய்

இன்றைக்கு நடந்ததை நிதானமாக எழுத வேண்டும்.

பெனிட்டா இந்த வாரம் விடுப்பு. பேச்சி கடையத்துச் சொந்தக்காரர்களுக்குப் பத்திரிகை வைக்கப் போயிருந்தாள். கோமதி வேலையில். நானும் இசக்கியும் முன் அறையில் இருந்தோம். பதினொரு மணிக்கு யாரோ கதவைத் தட்டினார்கள். திறந்தால் வெள்ளையம்மாள், கையில் மஞ்சள் பையோடு தனியாக. கோமதிக்கு முகூர்த்தப் புடவைக்கு அளவு ரவிக்கை வாங்கிப்போக, சொல்லாமல் வந்திருக்கிறார்.

கதவை முழுக்கத் திறக்காமல் நின்றேன். நான் வாயே திறக்கவில்லை. ஆனால் என் குரல் உள்ளேயிருந்து "வாங்க" என்றது.

வெள்ளையம்மாள் என் வாயைப் பார்த்தார். எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். "நீங்க இங்க நிக்கிய. சத்தம் அங்கன இருந்து வருது?"

"உக்காருங்க" என்றது என் குரல், கொஞ்சம் இழுவையோடு.

உள்ளே வந்து நாற்காலிக்கு எதிரே உட்கார்ந்தார். இசக்கியின் கையையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அவளிடமே கேட்டார்: "நீ யாரும்மா?"

தூரத்துச் சொந்தம், வைத்தியத்துக்கு வந்திருக்கிறாள் என்று ஒரு பதில் என் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. பேச்சியின் வீட்டில் இந்தக் கல்யாணம் நடப்பதும் நிற்பதும் அந்தப் பதிலில் இருந்தது. நான் என்ன செய்தேன் என்று பெனிட்டா கேட்பாள். நான் எண்ணினேன். ஒன்று. இரண்டு. இசக்கியின் கை கிளம்பியது, வழியில் ஒருமுறை துள்ளித் தொடையில் விழுந்தது. நாலு. ஐந்து. பத்து என்பது எவ்வளவு நீளமான எண்ணிக்கை என்று அதுவரை எனக்குத் தெரியாது. அதற்குள் மூன்று பொய் சொல்லலாம். ஏழில் "நான்" என்றது. பிறகு "கோமதி". பிறகு, இழுவை இல்லாமல், "அக்கா".

வெள்ளையம்மாள் என்னைத் திரும்பிப் பார்த்தார். "ஒத்தப் பிள்ளைன்னு சொன்னிய."

"சொன்னேன்."

"இதே கொரல்லதான் சொன்னிய."

அதற்கு என்னிடம் கட்டம் இல்லை.

ரவிக்கையை எடுத்துக் கொடுத்தேன். பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. வாசலில் நின்று, பழக்க தோஷத்தில் "வாரேன்" என்றார்.

இசக்கி உடனே அமுக்கினாள். "வாரேன்."

"அது ஒண்ணுமில்ல, அவ தப்பா அமுக்குதா" என்றேன் நான். "போறவுகதான் வாரேங்கணும்னு சொல்லிக்குடுத்தோம். இன்னும் பிடிபடல."

"தப்பா எங்க சொல்லுதா?" என்றார் வெள்ளையம்மாள். "கல்யாண வீடு. வாரேங்குதா. எனக்கு வெளங்குது. ஒங்களுக்கு வெளங்கலயா?"

அவர் போய் வெகுநேரம் நான் கதவைச் சாத்தவில்லை. ஐந்து வாரம். பால்காரரிடம், அச்சகக்காரரிடம், என்னிடம். கடைவீதிக்கோ மண்டபம் பார்க்கவோ யார் கிளம்பினாலும் அந்தப் பிள்ளை 'வாரேன், நானும் வாரேன், என்னையும் கூட்டிட்டுப் போங்க' என்று சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறாள். குழம்பியது நாங்கள். இந்த நோட்டில் அதை நான் தேதி போட்டு எழுதியும் வைத்திருக்கிறேன்.

இசக்கி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் சிரிக்கவில்லை. நான் தரையில் உட்கார்ந்து, அவள் மடியிலிருந்த டேப்லெட்டை என் பக்கம் திருப்பி, 'மன்னிச்சிரு' கட்டத்தை அமுக்கினேன். அவளுக்குக் கொடுத்த என் குரலே அவளிடம் மன்னிப்புக் கேட்டது. அவள் ஒன்பது எண்ணுகிற நேரம் எடுத்துக்கொண்டு பதில் சொன்னாள்: "ஏட்டி, ஒன் சோலியப் பாரு." அதன் பிறகுதான் சிரித்தாள்.

ஆகஸ்ட் 26, புதன்

சுரண்டையிலிருந்து போன் இல்லை. பேச்சி என்னோடு பேசவில்லை. கடைசியாகச் சொன்னது: "ஒங்க கொரலே எங்க குடியக் கெடுத்துட்டுதே மைனி." அவள் அழுததை இசக்கி பார்த்தாள். டேப்லெட்டை இன்று தொடவே இல்லையாம். கோமதி மட்டும், "நின்னா நிக்கட்டும். எங்கக்காவ ஒளிச்சு வச்சித்தான் தாலி ஏறணும்னா எனக்கு வேண்டாம்" என்றாளாம். இதைச் சொன்னது என் வீட்டுக்காரர். சுவர் வழியாகக் கேட்டிருக்கிறார். அவர் இத்தனை சொல் சேர்ந்தாற்போல் பேசி வருஷக்கணக்காகிறது.

ஆகஸ்ட் 27, வியாழன்

போன் இல்லை. கடையில் காணாமல் போன குழந்தையின் பேரைத் தப்பாக வாசித்தேன்.

ஆகஸ்ட் 28, வெள்ளி

மாலை ஐந்து மணிக்கு என் கைபேசிக்கே வந்தது.

"உலகம்மா, நான் வெள்ளையம்மா. வீட்டுல எல்லாரும் உக்காந்து பேசியாச்சு. எங்க கொழுந்தனாருக்கு மனசே இல்ல. டாக்டர் கிட்ட கேட்டுட்டோம், பிரசவத்துல வந்தது, ரத்தத்துல வாரது இல்லன்னுட்டாரு. எம் மகன் நேத்தே சரின்னுட்டான். எனக்குக் கோவம் ஒங்க மேலதான், அது இப்பக் கொறையாது. அது கெடக்கட்டும். சம்பந்தி வீட்டுக்கு எடுத்த புடவையில ஒண்ணு கொறையுது. மூத்த பிள்ளைக்கு என்ன கலரு பிடிக்கும்னு கேட்டுச் சொல்லுங்க." கொஞ்சம் நிறுத்தினார். "நீங்களா சொல்லாதிய. அதுகிட்டக் கேளுங்க."

பேச்சியின் வீட்டுக்கு ஓடினேன். ஓடியது செருப்பில்லாமல் என்பது வழியில்தான் தெரிந்தது.

செப்டம்பர் 1, செவ்வாய்

இசக்கியைக் கடைக்குக் கூட்டிப் போனோம். பிறந்ததிலிருந்து அவளுக்குத் துணியை வீட்டுக்கே எடுத்து வந்துதான் கொடுத்திருக்கிறார்கள். விற்பனைப் பெண் பேச்சியைப் பார்த்து, "பாப்பாவுக்கு ரோஸ் நல்லாருக்கும்லா?" என்றாள். "பாப்பாவுக்கு இருபத்து நாலு வயசு. அவகிட்டக் கேளு. கேட்டுட்டுப் பத்து எண்ணு" என்றேன்.

ரோஸ், வேண்டாம். கிளிப்பச்சை, வேண்டாம். மாம்பழ மஞ்சள், வேண்டாம். பதினாறு புடவை விரிந்து கிடந்தது. கடை முழுக்க என் குரல் "வேண்டாம் வேண்டாம்" என்று சொல்லிக்கொண்டிருக்க, மேனேஜர் மைக் அறைக்கு ஓடிப் பார்த்துவிட்டு வந்தார். பதினேழாவது கத்தரிப்பூக் கலர். "இது."

பேச்சி என்னோடு பேச ஆரம்பித்துவிட்டாள். "விலையப் பாருங்க மைனி, எப்படித் தேடி எடுத்திருக்கா" என்றாள். வாய் குறை சொன்னது, கை அந்தப் புடவையைத் தடவிக்கொண்டே இருந்தது.

செப்டம்பர் 6, ஞாயிறு

கல்யாணம் நடந்தது. நான் மண்டபத்தில் சாப்பிட்டேன், தியாகம் ரத்து.

இசக்கி கத்தரிப்பூப் புடவையில் முதல் வரிசையில் இருந்தாள். மாப்பிள்ளை வீட்டுச் சின்னதுகள் வரிசையில் நின்று அவள் கட்டங்களை அமுக்கிப் பார்த்தன. நாலாவது பிள்ளையை அவள் "ஏட்டி, ஒன் சோலியப் பாரு" என்று விரட்டினாள். வெள்ளையம்மாளின் கொழுந்தனார் உம்மென்று ஒரு ஓரமாக உட்கார்ந்திருந்தார். பாயசம் மட்டும் இரண்டு தரம் வாங்கினார். வெள்ளையம்மாள் எல்லோரிடமும் பேசினார், என்னிடம் தலையை மட்டும் அசைத்தார். பொறுத்துக்கொள்கிறேன்.

மூன்று மணிக்குக் கோமதி சுரண்டைக்குக் கிளம்பினாள். அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதாள், என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். பிறகு நாற்காலி முன்னால் மண்டியிட்டு, "அக்கா, வாரேன்" என்றாள்.

இசக்கியின் கை எழுந்தது. நேரே 'வாரேன்' கட்டத்துக்கு மேலே போய் நின்றது. பேச்சி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நான் அவள் கையைக் கிள்ளினேன். வாசலில் கார் உறுமிக்கொண்டிருந்தது. நல்ல நேரம் போகிறது என்று யாரோ முணுமுணுத்தார்கள். கை அங்கிருந்து நகர்ந்தது. பக்கத்துக் கட்டத்துக்கு வந்தது. ஐந்து வாரமாக அவள் ஒருமுறைகூடத் தொடாத கட்டம்.

"போயிட்டு வா."

வாடிக்கையாளர்களின் கனிவான கவனத்திற்கு என்கிற அதே இழுவையோடு அது மண்டபம் முழுக்கக் கேட்டது. அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். என் வாய் நிறைய வெற்றிலை. நான் இல்லை என்று கையை ஆட்டி, இசக்கியைக் காட்டினேன்.

நோட்டை நாளை மறுநாள் பெனிட்டாவிடம் கொடுக்க வேண்டும். எந்தப் பக்கத்தையும் கிழிக்கவில்லை. அவள் கேட்டபடி கடைசிக் குறிப்பு:

இசக்கி என்ன சொன்னாள்: போயிட்டு வா.

யாரிடம்: தங்கச்சியிடம்.

அப்போது நான் என்ன செய்தேன்: ஒன்பது வரை எண்ணினேன்.